சாயங்காலம் வரை புளிக்காத மோர்

அத்தியாயம் 5

கோவில்பட்டி தாலுகாவில் மூளை என்று மரியாதையாகச் சொல்லத்தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எட்டயபுரம் ரோட்டில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மேல்மாடியில், ஒரு கால் குட்டையான நாற்காலிக்குச் சற்று மேலே, துப்பறிவாளர் செண்பகராஜின் தலைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தகவலைச் சொன்னவர் செண்பகராஜ். இதுவரை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் மாடிப்படி ஏறி வர வேண்டும். வாடகை கேட்பவரைத் தவிர வேறு யாரும் ஏறுவதில்லை.

அன்று 2001-ஆம் வருடத்து வைகாசி முகூர்த்தங்களில் ஒன்று. தார் ரோடு நடப்பவன் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் வெயில்.

"என் உடம்புக்குள்ள இன்னைய தேதி வரைக்கும் ஒரு மாத்திரை இறங்குனதில்ல, ஜீனா," என்றார் செண்பகராஜ், பேருண்மையை ஒப்படைக்கும் குரலில். "காய்ச்சல் வந்தா அதை முறைச்சுப் பார்ப்பேன். அதுவே வெக்கப்பட்டுப் போயிரும்."

உதவியாளர் ஜீனா பேனாவால் காது மடலைச் சொறிந்தாள். "போன மாசம் வந்த வயித்துக்கடுப்பையும் முறைச்சுத்தான் பார்த்தீங்களா சார்?"

"அது வயித்துக்கடுப்பு இல்ல. தியானம்."

"தியானத்துக்கு ஒரு வாளித் தண்ணி கேட்டீங்க. அதான் குழம்பிட்டேன்."

செண்பகராஜ் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். எதிர்ச்சாரியில் மெடிக்கல் ஸ்டோர். "அங்கன பாரு, பச்சைத் துண்டு போட்டவன். 'ஒரு செட்டு குடுங்க அண்ணாச்சி'ங்கான். வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, கேப்சூல் ஒண்ணு. எது எதுக்குன்னு வாங்குதவனுக்கும் தெரியாது, குடுக்குதவருக்கும் தெரியாது. ஒரு வேளை போடுவான். கொஞ்சம் தேவலாம்னதும் மிச்சத்தைச் சட்டைப்பைல வச்சுக்கிடுவான். அடுத்த வருசம் மச்சினனுக்குப் பல்லு வலிச்சா அதை எடுத்து நீட்டுவான். மனுச ஜென்மத்துல இதுதான் ஜீனா, கடைசிப் படி."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வாடகை கேட்பவரின் கனத்த நடை அல்ல. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் டாக்டர் ஜெயப்பிரியா. ஸ்டேஷன் பக்கம் பத்துப் படுக்கை வைத்துச் சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்துபவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"எனக்கு ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிச்சுத் தரணும்," என்றார் உட்காராமலே.

"கொலையா?"

"இன்னும் இல்லை. ராத்திரிக்குள்ள ஆகலாம்."

செண்பகராஜ் நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார். "ஆயுதம்?"

"கிருமி. எல்லார் குடல்லயும் குடியிருக்கிற கிருமிதான். உங்க குடல்லயும் இருக்கு."

"சம்பவம் நடந்தப்ப நான் இங்கனதான் இருந்தேன்," என்றார் செண்பகராஜ் அவசரமாக. "ஜீனா சாட்சி."

"நான் அன்னைக்கு லீவு சார்," என்றாள் ஜீனா.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கிருமி குடலில் இருக்கும்வரை நல்ல பிள்ளை. தையல் போட்ட புண்ணிலோ சிறுநீர்ப் பாதையிலோ ஏறிவிட்டால் வம்பு. வழக்கமாக நாலு நாள் மருந்தில் அடங்கிவிடும். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று நோயாளிகளிடம் அது அடங்க மறுத்தது. முதலில் ஒரு நாதஸ்வரக்காரர், குடலிறக்க ஆபரேஷன் புண். அடுத்து ஒரு வீடியோக்காரர், அப்பெண்டிக்ஸ் புண். மூன்றாவது, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் சீனித்தாய்.

"சீனித்தாய்க்குச் சிறுநீர்ல இருந்து ரத்தத்துக்கே ஏறிட்டு. வழக்கமா குடுக்கிற மருந்து எதுவும் கேக்கல. லேப் ரிப்போர்ட் வர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா. என் கைல ரெண்டு மருந்து மிச்சம். ஒண்ணு ஜென்டாமைசின். இன்னொண்ணு மதுரையில இருந்து வரவழைச்சது. அதுக்கு மேல மருந்தே கிடையாது."

"மேல உள்ளதையே போட்டுருங்க," என்றார் செண்பகராஜ் தாராளமாக.

"எல்லாருக்கும் எடுத்த எடுப்புல அதைப் போட்டா கிருமி அதையும் பழகிக்கிடும். பிறகு அடுத்து வாரவங்களுக்குக் குடுக்க என்கிட்ட வெறுங்கைதான். தேவைப்பட்டும் போடாம விட்டா, சீனித்தாய் காலையில இருக்க மாட்டா. ஜென்டாமைசின் நாதஸ்வரக்காரருக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால கேட்டுச்சு. வீடியோக்காரருக்குப் போன வாரம் கேக்கல. இவளுக்கு எப்படின்னு தெரியல. இந்தக் கிருமி எங்க போயி என்ன மருந்தைப் பழகிட்டு வந்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அதை வச்சு நான் முடிவு பண்ணுதேன்."

செண்பகராஜ் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். ஜீனா மொபெட் சாவியை எடுத்தாள். மூளை எப்போதும் பின்சீட்டில்தான் பயணம் செய்யும்.

*

வார்டில் மூன்று கட்டில்கள். கட்டுப் பிரிக்க வந்திருந்த நாதஸ்வரக்காரர் ஒன்றில், வீடியோக்காரர் ஒன்றில், கடைசிக் கட்டிலில் சீனித்தாய். கண் பாதி மூடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. அவளுடைய புருஷன் கொம்பையா ஈரத் துணியை அவள் நெற்றியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்.

செண்பகராஜ் நோயாளிகளைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பிகளில் தொங்கிய மஞ்சள் பைகளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கிடைச்சிட்டான்," என்று கிசுகிசுத்தார். "நாதஸ்வரம் கட்டில்ல 'விஜயராஜ் – ராமலட்சுமி'ன்னு ஒரு பை. வீடியோ கட்டில்லயும் அதே விஜயராஜ். இந்தம்மா கட்டில்லயும் அதே விஜயராஜ். மூணு பேரையும் தொடர்ந்து வந்திருக்கான். இவன்தான் கிருமியைப் பரப்புத ஆளு."

"சார், அது தாம்பூலப் பை. கல்யாணத்துல தேங்காய் போட்டுக் குடுப்பாங்க. விஜயராஜ் மாப்பிள்ளை."

"கூட்டாளி பேரையும் தைரியமா அச்சடிச்சிருக்கான் பாரு."

ஜீனா அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பைகளைப் புரட்டினாள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒன்றல்ல, ஐந்தாறு. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, எக்ஸ்ரே படத்துக்கு ஒன்று. 'சண்முகராஜ் – ஐஸ்வர்யா' மூன்று கட்டிலிலும் இருந்தார்கள்.

"நாதஸ்வரக்காரர் கல்யாணத்துக்குக் கல்யாணம் போவாரு," என்றாள் ஜீனா. "வீடியோக்காரரும் போவாரு. அண்ணாச்சி, உங்க வீட்டு அக்கா எதுக்குப் போறாவ?"

கொம்பையா ஈரத் துணியைப் பிழிந்தபடி சொன்னான். "பூவனலிங்கம் மாஸ்டர் சமையலுக்குப் பாத்திரம் விளக்கப் போவா. முகூர்த்த மாசம்னா தீப்பெட்டி ஆபீஸ் லீவு, மண்டபமே கதின்னு கிடப்பா. மூணு வேளைச் சாப்பாடும் அங்கனதான்."

"அப்ப மூணு பேரும் பத்திரிகை வைக்காமலே எல்லாக் கல்யாணத்துலயும் சாப்பிடுதவங்க," என்றாள் ஜீனா. "அதுவும் ஒரே ஆளு சமையல்ல."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் செண்பகராஜ். "விஜயராஜை ஒரு பொறியாத்தான் வச்சேன்."

கொம்பையாவுக்குச் சொல்ல இன்னும் ஏதோ இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போன வாரம் மிஞ்சுன மோரைத் தூக்குவாளில கொண்டாந்தா. அதை உறை ஊத்துனா, விடிஞ்சும் பாலு பாலாவே நிக்குது. மறுநாளும் அதே கதை. எத்தனையோ வருசமா பாலுக்கு உறை ஊத்துத பொம்பள. கை விளங்காமப் போச்சான்னு நான் வைதேன். அன்னைக்கு ராத்திரிதான் அவளுக்குக் குளிர் எடுத்துச்சு. வைதது அவ காதுல இன்னமும் கிடக்கும் அண்ணாச்சி."

"குடும்பத் தகராறு நம்ம இலாகா இல்ல," என்று திரும்பினார் செண்பகராஜ்.

ஜீனா திரும்பவில்லை. "வைகாசி வெயில்ல, முந்தாநாள் மோரு, புளிக்கவும் இல்ல, பாலை உறைய வைக்கவும் இல்ல. அது மோரா, சுண்ணாம்புத் தண்ணியா?"

வெளியே வரும்போது அவள் மட்டும் பின்தங்கி, டாக்டரிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

*

பசுவந்தனை ரோட்டு மண்டபத்தில் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. சமையல்கட்டில் மேல்துண்டை விசிறியாக்கி உட்கார்ந்திருந்தார் பூவனலிங்கம் மாஸ்டர். அகலத்தில் அவருடைய சாம்பார் அண்டாவுக்குத் தம்பி. வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு தம்ளர் மோரை நீட்டினார். வயிற்றுக்கு வந்தவனிடம் அவர் விலாசம் கேட்பதில்லை.

ஜீனா தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். செண்பகராஜ் ஒரே மூச்சில் இறக்கினார். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை. இன்னொன்று வாங்கினார். அதற்கு அடுத்ததையும் கேட்டே வாங்கினார். நான்காவது தம்ளருக்குப் பிறகுதான் விசாரணை தொடங்கியது.

"மணி மூணைத் தாண்டியாச்சு. இந்த மோரு எப்பம் கலக்குனது?"

"விடிகாலை," என்றார் மாஸ்டர். முகத்தில் ஒரு வெளிச்சம். "சாயங்காலம் வரை வச்சுக் குடிங்க, புளிக்காது. என் பந்தியில உக்காந்தவன் ஒருத்தனுக்கும் இன்னைய வரைக்கும் வயித்தால போனதில்ல. தூத்துக்குடியில இருந்து தேடி வாராங்க."

"எப்படிப் புளிக்காம இருக்கு?" என்றாள் ஜீனா.

"தொழில் ரகசியம்மா."

செண்பகராஜ் கண்ணாடியைக் கழற்றினார். இது அவருடைய கடைசி ஆயுதம். "மாஸ்டர், உங்க அண்டாவைக் கழுவுத சீனித்தாய் ஆஸ்பத்திரியில கிடக்கா. ராத்திரி தாண்டுமான்னு டாக்டருக்கே தெரியல."

மாஸ்டரின் விசிறி நின்றது. "காய்ச்சல்னுதானே சொல்லிவிட்டா. சுக்குக் காபி குடுத்துவிட்டேனே." எழுந்துபோய், அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறக்கி, வேட்டி நுனியால் மூடியைத் துடைத்து முன்னால் வைத்தார். உள்ளே சிவப்பும் கறுப்புமாகக் கேப்சூல்கள்.

"ஆம்பிசிலினு," என்றார் குரல் இறங்கி. "ஒரு கல்யாணத்துல மத்தியானம் மோரு புளிச்சுப்போச்சு. சம்பந்தி ஒரு வாய் குடிச்சுட்டு, 'பொண்ணு வீட்டு மனசு எப்படின்னு தெரிஞ்சுபோச்சு'ன்னு எந்திரிச்சுட்டாரு. மறுவீட்டுக்குக் காரு வரல. பொண்ணு ரெண்டு நாளு மண்டபத்துலயே இருந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல. அந்தச் சமயம் எங்க வீட்டு மாட்டுக்கு மடி வீக்கம். மாட்டு டாக்டர் ஊசி போட்டாரு. அன்னைக்குக் கறந்த பாலு ரெண்டு நாளாகியும் திரியவே இல்ல. அப்பந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு."

"அதனால கேப்சூலைப் பிரிச்சு மோர்ல கொட்டுனீங்க," என்றார் செண்பகராஜ்.

"அண்டாவுக்கு ஒரு கைப்பிடி. மோரும் புளிக்காது, வயிறும் கெடாதுல்லா. நல்ல மனசோடதான் செஞ்சேன் அண்ணாச்சி."

செண்பகராஜ் எழுந்து மண்டபத்தின் நடுவில் நின்றார். சீரியல் பல்புகளின் கீழ் அந்தத் தோற்றத்தைப் படம் எடுக்க வீடியோக்காரர்தான் இல்லை.

"ஜீனா, வழக்கு முடிஞ்சது. இவங்க குடல்ல இருக்கிற கிருமி முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஆம்பிசிலினைக் குடிச்சுப் பழகியிருக்கு. ஜென்டாமைசினை அது கண்ணால பார்த்ததில்ல. ஆக, ஜென்டாமைசின் கேக்கும். வா, போன் போடுவோம்."

மண்டபத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று டாக்டரிடம் அவர் முடிவை அறிவித்தார். "ஜென்டாமைசினைத் தாராளமாப் போடுங்க டாக்டர். என் பொறுப்பு." மறுமுனையில் "சரி" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

பூத்துக்கு வெளியே ஜீனா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேகை பார்க்கியா?"

"சார், அந்த டப்பாவை நான் தொட்டேன். மூடியத்தான் மாஸ்டர் துடைச்சாரு. பக்கவாட்டுல தூசி விரல் கனத்துக்கு இருந்துச்சு. ஒட்டடையும் இருந்துச்சு."

"சமையல்கட்டுன்னா தூசி இருக்கும்."

"வைகாசி மாசம் சார். நேத்து ஒரு கல்யாணம், இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அண்டாவுக்கு ஒரு கைப்பிடின்னு எடுக்கிற டப்பால எட்டுக்கால் பூச்சி எப்பம் வீடு கட்டுச்சு? நாதஸ்வரக்காரருக்கு ஜென்டாமைசின் கேட்டிருக்கு, பின்னால வந்த வீடியோக்காரருக்குக் கேக்கல. நடுவுல என்னமோ மாறியிருக்கு."

செண்பகராஜின் முகத்தில் வழக்கு மறுபடி திறந்துகொண்டது.

இருவரும் ரோட்டைக் கடந்து ஓடினார்கள். மாஸ்டர் அதே இடத்தில், அதே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்தக் கேப்சூலைக் கடைசியா எப்பம் போட்டீங்க?" என்றாள் ஜீனா.

"அதை விட்டு ஒண்ணரை மாசம் ஆச்சே. மோரு அதைப் பழகிக்கிட்டும்மா. போட்டாலும் மத்தியானம் புளிச்சுப்போவுது. கேக்கவே மாட்டேங்கு."

"இப்பம் என்ன போடுதிய?"

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். எச்சில் இலைக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கு நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வெயிலில் மின்னின. ஜீனா ஒன்றை எடுத்து லேபிளைப் படித்தாள். இரண்டாவதையும் எடுத்துப் படித்தாள். பிறகு அதைச் செண்பகராஜிடம் கொடுத்தாள்.

ஜென்டாமைசின்.

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்றார் செண்பகராஜ்.

"எப்படிப் புளிக்காம இருக்குன்னு கேட்டிய, ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டு வந்தேன். பாதியிலயே 'வழக்கு முடிஞ்சது'ன்னு எந்திரிச்சுப் போயிட்டிய. நான் என்ன செய்ய?"

பூத்தில் இப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சார்ஜாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பெயரைச் சொல்லி முடித்து, வராதவர்கள் பெயருக்கு வந்திருந்தார். செண்பகராஜ் கண்ணாடியைத் தட்டினார். அவர் உள்ளிருந்தே கும்பிட்டுவிட்டு, "நம்ம வக்கீல்கூட வந்திருக்காரு" என்று சார்ஜாவுக்குத் தெரிவித்தார்.

"ஏறுங்க சார்," என்றாள் ஜீனா.

அந்த மொபெட் அதுவரை போகாத வேகத்தில் போனது. அதாவது, ஒரு சைக்கிளை முந்தியது. லெவல் கிராஸிங் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியையும் அறிமுகம் செய்துவைப்பதுபோல் நிதானமாகக் கடந்தது.

"ஜீனா," என்றார் மெதுவாக. "அந்த ஊசி இந்நேரம் ஏறியிருக்கும்."

ஜீனா ரயிலைப் பார்த்தபடி ஹாரனில் கட்டைவிரலை வைத்திருந்தாள்.

"அந்த ஆளு, கொம்பையா. வைததையே சொல்லிக்கிட்டிருந்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

*

வார்டுக்குள் நுழைந்தபோது டாக்டர் ஜெயப்பிரியா சீனித்தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ட்ரேயில் இரண்டு மருந்தும் உடைக்கப்படாமல் இருந்தன.

"போடலையா?" என்றார் செண்பகராஜ், மூச்சு வாங்கியபடி.

"சார் போன்ல 'என் பொறுப்பு'ன்னு சொன்னா, நான் நேர்ல வார வரைக்கும் பொறுங்கன்னு ஜீனா போகும்போதே சொல்லிட்டுப் போனாங்க," என்றார் டாக்டர்.

செண்பகராஜ் ஜீனாவைப் பார்த்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்துக் குப்பியை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் அதைப் படித்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: "எதுல கலந்தாங்க?"

"மோர்ல. விடிகாலை கலந்து, நாள் பூராவும்."

"அது வாய் வழியாப் போனா ரத்தத்துல சேராது. நேரா குடலுக்குப் போயி அங்கனயே கிடக்கும். கிருமிக்கு வீட்டு வாசல்லயே பள்ளிக்கூடம் நடத்தியிருக்காரு." டாக்டர் ஜென்டாமைசினை ஒதுக்கிவிட்டு மதுரை மருந்தை எடுத்தார். ஊசி ஏறியதும் கொம்பையா அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டான்: "பிழைச்சிருவாளா தாயி?"

"காலையில சொல்லுதேன்."

பூவனலிங்கம் மாஸ்டர் ஆட்டோ பிடித்து வந்து வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். கையில் பாத்திரம் எதுவும் கொண்டுவரவில்லை.

காலையில் சீனித்தாயின் நெற்றி குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தாள். கொம்பையா அவள் காதருகே குனிந்து, "உன் கையி மேல தப்பில்ல ஏட்டி. மோரு மேலதான் தப்பு. டாக்டரே சொல்லிட்டாவ," என்றான். அவள் அவனை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அதை அன்னைக்கே நான் சொன்னேன்ல," என்றாள். டாக்டர் சார்ட்டில் ஏதோ எழுதுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அப்பம் மோரு இனிமே புளிக்குமே," என்றார் மாஸ்டர் வராந்தாவில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சம்பந்திமார் எந்திரிச்சுப் போவாங்களே."

"போனா போகட்டும் அண்ணாச்சி," என்றாள் ஜீனா. "பாயசம் ஒரு தம்ளர் கூடக் குடுங்க, உக்காந்துருவாங்க."

செண்பகராஜ் டாக்டரைத் தனியாக ஓரம் கட்டினார். "பொதுவா ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த மோரை நாலு தம்ளர் குடிச்சிருக்காரு. அவருக்கு ஏதும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது. சும்மா இருந்தாலே குடல் தானா சரியாயிரும்னு சொல்லுங்க. பயந்துபோயி மாத்திரை கீத்திரை மட்டும் போட்டுர வேண்டாம்."

"அவரு மாத்திரையே தொட மாட்டாரு," என்றார் செண்பகராஜ். "கொள்கை."

மத்தியானம், ஜீனா சாப்பிடப் போயிருந்த நேரம், எட்டயபுரம் ரோட்டில் மூளை மாடியை விட்டுக் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் பார்த்தது. ரோட்டைக் கடந்து மெடிக்கல் ஸ்டோர் பலகையில் முழங்கையை ஊன்றியது. வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. பயமாகவும் இருக்கலாம், பசியாகவும் இருக்கலாம்.

"ஒரு செட்டு குடுங்க அண்ணாச்சி. சொந்தக்காரங்களுக்கு."

"எத்தனை வேளைக்கு?"

"ரெண்டு போதும்."

வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கேப்சூல் ஒன்று. செண்பகராஜ் சோடாக்கடைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஒரு வேளையை அண்ணாந்து விழுங்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார். தேவலாம் போல் இருந்தது. மிச்சத்தைக் காகிதத்தோடு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடியேறினார்.